தத்துவம் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 41. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறேன். தத்துவம் படிக்கும் ஆசையில், மேலைத் தத்துவ வரலாறு பற்றிய தடித்த புத்தகம் ஒன்று வாங்கினேன். தேலீஸ், ஹெராக்ளிட்டஸ், பார்மெனிடீஸ் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. அறுபதாம் பக்கத்தோடு நின்றுவிட்டது. கிரேக்கத்திலிருந்து தொடங்குவதா, நம் மரபிலிருந்தா? எந்தப் பிரிவை முதலில் எடுப்பது?

பதில்: புத்தகத்தை மூடி வைத்ததில் தவறே இல்லை. கல்லூரியில் பல ஆண்டுகள் தத்துவம் சொல்லிக்கொடுத்தவன் நான். வரலாற்று வரிசையில் தொடங்கியவர்கள் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'எல்லாம் நீரிலிருந்து வந்தது' என்றார் தேலீஸ் என்று படிக்கிறோம். சரி, அதற்கு என்ன? கேள்வி நம்முடையதாக ஆகாதவரை பதில் வெறும் பொது அறிவுதான். அதனால் வரிசையை விட்டுவிடுங்கள். உங்களை உறுத்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதில் ஒருவரோடொருவர் முரண்படும் இரண்டு பேரைப் படியுங்கள்.

ஒரு கேள்வி சொல்கிறேன். அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது, புற்றுநோய். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்கிட்ட சொல்லிடாதப்பா" என்கிறார். உள்ளே போனதும் அப்பா கேட்கிறார், "டாக்டர் என்ன சொன்னார்?" பொய் சொல்லலாமா?

சொல்லலாம் என்பதற்கு 292ஆம் குறள் இருக்கிறது: 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.' கூடவே கூடாது என்பவர் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். நண்பனைத் துரத்தி வரும் கொலைகாரன் வாசலில் நின்று 'அவன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதினார். விளைவு நம் கையில் இல்லை. உண்மை பேசும் கடமை மட்டும் நம் கையில் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வள்ளுவரைத்தான் மனம் உடனே ஆதரிக்கும். கொஞ்சம் பொறுங்கள். 'புரைதீர்ந்த நன்மை', அதாவது குற்றமற்ற நன்மை என்றல்லவா அவர் நிபந்தனை போடுகிறார்? அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய கடைசி மாதங்களை நாம் தீர்மானிப்பது குற்றமற்ற நன்மையா? அடுத்த குறளே 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' என்கிறது. இந்த இடத்தில் நீங்கள் திணறினால், அறவியல் என்ற பிரிவுக்குள் வந்துவிட்டீர்கள்.

இன்னொரு கேள்வி. காலையில் கதவைத் திறந்தால் தெரு ஈரமாக இருக்கிறது. ராத்திரி மழை பெய்திருக்கிறது என்கிறீர்கள். தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருந்தால்? பார்க்காததைத் 'தெரியும்' என்று எப்போது சொல்லலாம்? இது அறிவாராய்ச்சியியல். இதற்கு நான் பரிந்துரைப்பது மணிமேகலை. 27ஆம் காதையில், வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவள் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டது தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன் என்கிற பூதவாதியிடம் (நிலம், நீர் போன்ற பூதங்களால்தான் எல்லாம் ஆனது என்பவர்), 'உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்?' என்கிறாள். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் அது. 29ஆம் காதையில் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அந்த அனுமானத்தையே பிரித்துக் காட்டுகிறார்: மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையில் காண்பதுபோல. இது அளவையியல், தருக்கம் என்றும் சொல்வோம்.

அப்புறம் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூமிடம் போங்கள். இதுவரை புகையோடு நெருப்பு இருந்தது என்பதால் இனியும் இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று 1748இல் வெளியான நூலில் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. கிரேக்கமா நம் மரபா என்று கேட்டீர்களே, ஒரே கேள்விக்கு இரண்டு பேரும் பதில் சொல்லும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லை.

மற்ற பிரிவுகள் பெயரளவில் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். உண்மையில் இருப்பது எது, ஆன்மா உண்டா, காலம் என்றால் என்ன என்று கேட்பது மெய்ப்பொருளியல். சங்கரரும் ராமானுஜரும் மோதுவது பெரும்பாலும் இங்கேதான். அழகியலும் அரசியல் தத்துவமும் பிறகு தாமாக வரும்.

முதல் புத்தகம் என்றால், சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதாக அவர் மாணவர் பிளேட்டோ எழுதிய 'அப்பாலஜி' என்ற உரை. கி.மு. 399இல், எழுபது வயதில், மரண தண்டனை காத்திருக்கும்போது, கேள்வி கேட்பதை நிறுத்தமாட்டேன் என்கிறார். சிறியது, ரயிலில் இரண்டு மூன்று நாளில் முடியும். அடுத்து மணிமேகலையின் அந்த இரண்டு காதைகள், கட்டாயம் உரையோடு. மூன்றாவதாக பிரெஞ்சு தத்துவவாதி டெகார்ட் 1641இல் வெளியிட்ட 'தியானங்கள்' என்ற நூலில் முதல் தியானம் மட்டும். நான் இப்போது கனவு காணவில்லை என்று எப்படித் தெரியும் என்கிற கேள்வி அதில்தான் இருக்கிறது. புத்தகங்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. முறையாகப் பட்டம் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையில் விசாரியுங்கள்.

உங்கள் ரயில் பாதையிலேயே ஒரு கதை இருக்கிறது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு மாறும்வரை பீச் ஸ்டேஷன் பக்கத்து ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. அங்கே படித்தார், பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற விமர்சனம் அவரைக் குடைந்தது. அதற்குப் பதிலாக வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆய்வேடு எழுதினார். அது 1908இல் நூலாகவும் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபதுதான்.

நீங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று உங்கள் வார்த்தையில் ஒரே வாக்கியம். வலப்பக்கத்தில் அதற்கு உங்கள் மறுப்பு. வலப்பக்கம் காலியாக இருந்தால், திரும்பி வரும்போது அதே பக்கங்களை மறுபடியும் படியுங்கள்.