கடைக்காரர் கேள்வி-பதில்: பெயர்ப்பலகை மாட்டச் சொல்கிறார்கள், மாட்டலாமா?

கேள்வி: கோத்தகிரியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மாத விற்பனை நாலு லட்சம். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறுவணிகர் திட்டம்). 'எங்கள் போர்டு மாட்டுங்கள், சரக்கை நாங்களே இறக்குகிறோம், ஏஜென்சி (கம்பெனி விநியோகஸ்தர்) விலையைவிட 2 சதவீதம் குறைவு, மாதக் கட்டணம் 5,000' என்கிறது ஒரு நிறுவனம். சேரலாமா?

பதில்: கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. காம்போசிஷனில் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆக, கையை விட்டுப் போவது 5,900. 2 சதவீதத்தில் அதை ஈடுகட்டவே மாதம் 2.95 லட்சத்துக்கு அவர்களிடம் வாங்க வேண்டும். பால், முட்டை, காய்கறி, வர்க்கி, தேயிலைத்தூள் எல்லாம் உள்ளூரில் எடுக்கும் கடைக்கு அது நடக்காது. கட்டணம் 2,000 என்றால் 1.18 லட்சம் வாங்கினாலே போதும்; அப்போது பேசலாம்.

அந்த 2 சதவீதமும் எதோடு ஒப்பிட்டது? 12 வாங்கினால் 1 இலவசம் என்ற ஏஜென்சி ஸ்கீமே 7.7 சதவீதம். கடை கடையாகச் சரக்கு போடும் லைன் வண்டிக்காரர் தரும் ஒரு வாரக் கடனையும் கணக்கில் சேருங்கள்.

1932இல் நெதர்லாந்தில் ஸ்பார் என்ற கடைச் சங்கிலி தொடங்கியதும் மொத்த வியாபாரியும் தனிக்கடைகளும் கைகோத்துத்தான். முறையில் குறையில்லை. ஆனால் உங்கள் வழியில் இவர்களுக்கு எத்தனை கடை என்று கேளுங்கள். நீங்கள் ஒருவர்தான் என்றால், லோடு சேரும்வரை லாரி மேட்டுப்பாளையத்தைத் தாண்டாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவில் பாதை அடைபட்டால் இன்னும் மோசம். '48 மணி நேரத்தில் சரக்கு வராவிட்டால் வெளியில் வாங்கலாம்' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

சமவெளி விற்பனையைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானாக ஆர்டர் போடும் ஏற்பாடு மலைக்கு ஒத்துவராது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டில் தேங்கும், அகலவாய் டப்பாதான் போகும். 1,800 மீட்டர் உயரத்துக்கு ஏறி வரும் சிப்ஸ் பாக்கெட் காற்றழுத்தம் குறைந்து உப்பும், சிலது ஓரத்தில் பிரியும். இறக்கும்போதே டெலிவரி சீட்டில் டேமேஜ் எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில். முதல் சரக்குப் பட்டியலில் 1 லிட்டர் குடிநீர் பாட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள்; நீலகிரியில் தடை, அபராதம் கடைக்காரருக்குத்தான்.

கேள்வி: டெபாசிட்டுக்குப் பதில் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்கிறார்களே?

பதில்: கொடுக்காதீர்கள். பிறகு தொகையை அவர்கள் நிரப்பி, பணமில்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவு உங்கள் மேல் பாயும். டெபாசிட்டை வங்கி வழியாகச் செலுத்தி, எத்தனை நாளில் திரும்பத் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.