'மிக அரிது' என்று எழுதி விற்கிறார்கள்: இசைத்தட்டு கேள்வி-பதில்

ஜப்பானிய ஹெவி மெட்டல் தட்டுகளைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை லவுட்னஸ் குழுவைப் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

லவுட்னஸ் கேட்கத் தொடங்க விரும்புகிறேன். முதலில் எந்த ஆல்பத்தை வாங்குவது? (கோவை வாசகர்)

1985இல் வந்த 'தண்டர் இன் தி ஈஸ்ட்'. கிதார் கலைஞர் அகிரா தகாசாகியும் டிரம்ஸ் கலைஞர் முனேதகா ஹிகுச்சியும் 1981இல் ஒசாகாவில் தொடங்கிய குழு இது. அமெரிக்காவில் அட்கோ நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் 74ஆம் இடம் வரை ஏறியது. அது பிடித்துவிட்டால் 1983இன் 'தி லா ஆஃப் டெவில்ஸ் லேண்ட்' ஆல்பத்துக்குப் போங்கள். பாடகர் மினோரு நீஹாரா தன் தாய்மொழியான ஜப்பானியத்தில் பாடும்போது அந்தக் குரலுக்கு வேறொரு பலம் வருகிறது.

ஓர் எச்சரிக்கை. 1986இன் 'லைட்னிங் ஸ்ட்ரைக்ஸ்', 'ஷேடோஸ் ஆஃப் வார்' இரண்டும் ஒரே ஆல்பம்தான். ஜப்பானில் பின்னதன் பெயரிலும், வெளிநாடுகளில் முன்னதன் பெயரிலும் வந்தது. ஒலிக்கலவையும் பாடல் வரிசையும் மாறும், அவ்வளவே. 'இரண்டும் வேறு வேறு' என்று விற்றவர் அடித்துச் சொன்னதை நம்பி, ஒரே வாரத்தில் இரண்டையும் வாங்கியவன் நான்.

'தி பர்த்டே ஈவ்', 1981ஆம் ஆண்டின் முதல் பதிப்பு சிடி என்று சொல்லி 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். உண்மையா? (மதுரை வாசகர்)

பொய். சிடி விற்பனைக்கு வந்ததே 1982 அக்டோபரில்தான். அந்த ஒரு வரியை எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

'தண்டர் இன் தி ஈஸ்ட்' எல்பி, ஓபியுடன் கூடிய ஜப்பானியப் பதிப்பு, மிக அரிது என்கிறார்கள். விலை 9,500 ரூபாய். வாங்கலாமா? (சென்னை வாசகி)

வேண்டாம் அம்மா. இந்த 'மிக அரிது' என்ற சொல்லால் ஏமாந்தவர்களின் கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஓபி என்றால் கிமோனோ உடையின் இடைக்கச்சை. தட்டு உறையின் ஓரத்தைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைக்கும் அதே பெயர்தான். கலைஞர் பெயர், பட்டியல் எண், விளம்பர வாசகம், விலை ஆகியவை அதில் இருக்கும். விலையை ஏன் அச்சிடுகிறார்கள்? புத்தகம், செய்தித்தாள், இசைத்தட்டு ஆகியவற்றைத் தாங்கள் குறிக்கும் விலைக்கே கடைகள் விற்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க, வெளியீட்டாளர்களுக்கு ஜப்பானியச் சட்டம் இடம் தருகிறது. பட்டையின் வேலை அந்த விலையைச் சொல்வது. வாங்கியவர்களில் பலர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடுவதற்குக் காரணம் அதுதான்.

பிரிட்டிஷ் குழு ஒன்றின் ஜப்பானியப் பதிப்புக்குக் கூடுதலாகக் கொடுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. லவுட்னஸ் ஜப்பானின் சொந்தக் குழு. அவர்களுடைய ஜப்பானியப் பதிப்புதான் ஊரெல்லாம் விற்ற சாதாரணத் தட்டு. அதைக் கடல் கடந்த அதிசயம்போல் காட்டி விலையை ஏற்றுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நியாயமாக ஆசைப்பட்ட ஒருவரின் அறியாமை அங்கே காசாக்கப்படுகிறது.

அந்தப் பட்டையை வைத்தே விற்பவரைச் சோதிக்கலாம். பட்டையின் முன்புறம், பின்புறம் இரண்டையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானில் நுகர்வு வரி வந்தது 1989 ஏப்ரல் 1 அன்று, 3 சதவீதத்தில். 1997இல் 5, 2014இல் 8, 2019 அக்டோபரில் 10 சதவீதம் ஆனது. வரியோடு ஒரு விலை, வரியில்லாமல் ஒரு விலை என இரண்டு அச்சாகியிருந்தால், அது 1985இன் பட்டை அல்ல, மறுபதிப்பு. இரண்டு விலைகளின் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் எந்தக் காலத்து மறுபதிப்பு என்பதும் தெரிந்துவிடும். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

லவுட்னஸ் முதல் நால்வரும் 2011இல் கையெழுத்திட்ட சுவரொட்டியை வாங்கினேன். சான்றிதழும் உண்டு. நண்பர் போலி என்கிறார். (திருச்சி வாசகர்)

நண்பர் சொல்வது சரி, வருந்துகிறேன். முனேதகா ஹிகுச்சி கல்லீரல் புற்றுநோயால் 2008 நவம்பர் 30 அன்று, 49 வயதில் காலமானார். இறந்த கலைஞனின் பெயரில் கையெழுத்துப் போட்டு விற்பவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. ரசிகர்கள் எல்லோரும் இறப்புத் தேதியை மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டியதில்லை. விளம்பரத்தின் படம், சான்றிதழ், ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அட்டையில் பணம் கட்டியிருந்தால் இன்றே வங்கியிடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். விற்றவர் இந்தியாவில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒசாகாவில் வாங்கிய பழைய கிதார் ஆம்ப்ளிஃபையரை வீட்டில் செருகியதும் புகை வந்தது. விற்றவர் இழப்பீடு தருவாரா? (சேலம் வாசகர்)

தரமாட்டார். தரவும் வேண்டியதில்லை. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், நம்மிடம் 230. இது கருவியின் முதுகிலேயே எழுதியிருக்கும். இத்தனை பணம் கொடுத்து வாங்கியவர் அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டாமா? மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது. இசைத்தட்டுச் சுழற்றி வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா உள்ள மேற்கில் 60. மின் அதிர்வெண்ணை நம்பிச் சுழலும் பழைய மோட்டார் 60க்கு அமைக்கப்பட்டிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் பாட்டு இழுத்துக்கொண்டு போகும்.

ஜப்பானில் வாங்கிய கச்சேரி டிவிடி ஓடவில்லை. (புதுச்சேரி வாசகர்)

டிவிடிகளை உலகின் மண்டலம் வாரியாகப் பூட்டி விற்கிறார்கள்; ஒரு மண்டலத்தின் தட்டு மற்றொன்றின் கருவியில் ஓடாது. ஜப்பான் மண்டலம் 2, இந்தியா 5. ப்ளூ-ரேயில் ஜப்பான் ஏ, இந்தியா சி. உறையில் அச்சிட்டிருப்பார்கள். பார்க்காமல் நான் வாங்கிய ஒன்று மூன்று ஆண்டுகளாக அலமாரியில் கிடக்கிறது.

டோக்கியோ கச்சேரி டிக்கெட்டை மறுவிற்பனையில் மும்மடங்கு விலைக்கு வாங்கினேன். அதில் வேறொருவர் பெயர் இருந்ததால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். (கவாசாகியில் வசிக்கும் வாசகி)

மொழி முழுதாகப் பிடிபடாத ஊரில், ஆசையோடு போய் வாசலில் நிற்க நேர்ந்தது எவ்வளவு வலித்திருக்கும் என்பது புரிகிறது. வாங்கியவரின் பெயரைக் குறித்து, மறுவிற்பனைக்குத் தடை என்று அச்சிட்ட டிக்கெட்டுகளைக் கூடுதல் விலைக்குத் தொழிலாகவே விற்பது ஜப்பானில் 2019 ஜூன் 14 முதல் குற்றம். ஓராண்டு வரை சிறை, 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும். 188 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் பகுதி நுகர்வோர் மையத்துடன் இணைப்பார்கள். பணம் செலுத்திய பதிவையும் விற்றவருடன் நடந்த உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை, டிக்கெட் வெளியிட்ட நிறுவனமே மறுவிற்பனைக்கு வழி வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே அச்சிட்ட விலைதான் அடிப்படை.

டிக்கெட் வாங்கிய பிறகும் அரங்க வாசலில் பானத்துக்கு 600 யென் கேட்டார்கள். ஏமாற்றா? (அதே வாசகி)

இல்லை. சிறிய இசை அரங்குகளில் அது வழக்கம், டிக்கெட்டிலும் குறித்திருப்பார்கள். சில்லறையாக எடுத்துச் செல்லுங்கள்.