திருட்டு எங்கே நடந்தாலும் தம்பியைத் தேடி வருகிறார்கள்

கேள்வி: நாங்கள் குறவர் சமூகம், சேலம் பக்கம். தம்பி பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான். சுற்றுவட்டாரத்தில் எங்கே பூட்டு உடைந்தாலும் ராத்திரி ஜீப் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறது. மூன்று முறை அவனைக் கூட்டிப்போய், இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நல்லவேளை, வழக்கு எதுவும் இல்லை. இதை எப்படி நிறுத்துவது?

பதில்: அந்த "நல்லவேளை"யில்தான் சிக்கலே இருக்கிறது. வழக்கு இல்லை என்றால் காகிதமும் இல்லை. காகிதம் இல்லாததால்தான் நான்காவது முறையும் வருவார்கள்.

"சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்று கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. இப்போதுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, சாட்சியாக அழைக்க எழுத்தில் உத்தரவு வேண்டும் (பிரிவு 179). சந்தேக நபர் என்றால், கைது தேவைப்படாதபோது, நேரில் வரச் சொல்லும் 35(3) நோட்டீஸ். கைதே செய்தால் அரெஸ்ட் மெமோ என்னும் கைதுக் குறிப்பு, அதில் வீட்டாரோ ஊர்க்காரரோ ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

அந்தக் காலத்து வக்கீல்கள், ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் முதலில் தபால் ஆபீசுக்கு ஓடி மாஜிஸ்திரேட்டுக்குத் தந்தி அடிப்பார்கள். "இத்தனை மணிக்கு இன்னாரைப் பிடித்துப் போனார்கள்" என்று அந்தத் தந்தியில் நேரம் பதிந்துவிடும். அப்புறம் ஸ்டேஷனில் வேறு நேரம் எழுத முடியாது. 2013இல் தந்தியை நிறுத்திவிட்டார்கள். வேலை மட்டும் அப்படியே இருக்கிறது, இப்போது மின்னஞ்சல். எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அந்த ராத்திரியே அனுப்புங்கள். வண்டி எண், வந்த நேரம், எத்தனை பேர், சீருடையா மஃப்டியா, அவ்வளவு போதும். இலவச வக்கீலுக்கு 15100.

தம்பியிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், சொன்னவர் கையெழுத்தே போடக் கூடாது என்கிறது 181ஆம் பிரிவு. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லியும் உடனே மனு கொடுங்கள். பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, ஜீப் ஏன் உங்கள் தெருவுக்கே வருகிறது? சில சாதியினரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம், சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது. மறு வருடமே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. பலகை மாறியது, பார்வை மாறவில்லை. சாதியைப் பார்த்து ஹிஸ்டரி ஷீட் (ஒருவரைக் கண்காணிக்க ஸ்டேஷனில் வைக்கும் பதிவு) திறக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் கண்டித்தது. அக்டோபரில், சீர்மரபினரை, அதாவது அந்தப் பழைய குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்த சமூகத்தாரை, கண்டபடி கைது செய்யக் கூடாது என்று போலீசுக்கு நேரடியாகவே உத்தரவிட்டது. மூத்த அதிகாரிகள் அந்த ஷீட்டுகளை அவ்வப்போது தணிக்கை செய்து, ஆதாரமில்லாத பெயர்களை அடிக்காத வரை ஜீப் நிற்காது என்பது என் எண்ணம்.

எனவே தம்பி பெயரில் ஷீட் இருக்கிறதா என்று எஸ்.பி.யிடம் எழுத்தில் கேளுங்கள். இருந்தால் நீக்கச் சொல்லி மனு, மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சாதிச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பட்டியல் சாதி என்றிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கைகொடுக்கும். குறவரில் சில பிரிவினருக்குச் சீர்மரபினர் என்றே சான்றிதழ் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, மற்ற எல்லாம் பொருந்தும்.

மனுவைப் பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். சான்று வந்ததும் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.