படத்தையோ கவிதையையோ பற்றி எழுதினால் கதைச்சுருக்கமாகவே போய்விடுகிறது. பகுப்பாய்வு எழுதுவது எப்படி?

கேள்வி கேட்டவரின் சிக்கல் இது: இலக்கியம், சினிமா, இசை, வரலாறு, தத்துவம் எதில் வேண்டுமானாலும் 1500 சொல்லில் ஒரு கட்டுரை எழுதலாம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் "சுருக்கம்தான் இருக்கிறது, பகுப்பாய்வைக் காணோம்" என்று திரும்பி வருகிறது.

பெரும்பாலும் கோளாறு நடையில் இருப்பதில்லை, எடுத்துக்கொண்ட பொருளின் அளவில் இருக்கிறது. இரண்டரை மணி நேரப் படத்தை 1500 சொல்லுக்குள் அடைக்கப் பார்த்தால் கதை சொல்லத்தான் இடம் போதும். ஆகவே முதலில் பொருளைச் சிறிதாக்குங்கள். படமென்றால் இரண்டு மூன்று நிமிடக் காட்சி ஒன்று. நாவலென்றால் ஒரு பக்கம். பாடலென்றால் ஒரு சரணம், அதுவும் ஒரே ஒலிப்பதிவில். வரலாறென்றால் ஒரு கடிதம் அல்லது ஒரு புகைப்படம். தத்துவமென்றால் ஒரே ஒரு வாதம். உட்கார்ந்து எண்ணி முடிக்கிற அளவில் இருந்தால் சரி. எண்ண ஆரம்பித்தால்தான் எது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று கண்ணில் படும். எழுதுவதற்கான கேள்வி அங்கிருந்துதான் கிடைக்கும். "இதன் கருப்பொருள் என்ன?" என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தால் "மனித உறவுகளின் சிக்கல்" போன்ற ஏதாவதுதான் வரும். அது எந்தப் படைப்புக்கும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் பயன்படாது.

கவிதையில் இதைச் செய்து பார்ப்போம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, நான்கே அடி:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

மலைச்சாரலில் கரிய கொம்புள்ள குறிஞ்சியின் பூவிலிருந்து பெருந்தேன் இழைக்கும் நாட்டுக்காரனோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட அளக்க முடியாதது என்பது பொருள். இதற்கு வழக்கமாக வரும் வாக்கியம்: "காதலின் பெருமையைப் புலவர் நிலம், வான், கடல் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறார்." முதல் பிழை, பாட்டில் பேசுவது புலவர் அல்ல, தலைவி. பாடியவர் தேவகுலத்தார். அகப்பாட்டில் பாடியவரையும் பேசுபவரையும் ஒன்றாக்கினால் அடுத்து எழுதுவது எல்லாமே சாய்ந்துவிடும். இரண்டாவது, அந்த வாக்கியம் பாட்டின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

சீர்களை எண்ணுங்கள். 4, 4, 3, 4. மொத்தம் 15. பெரிது, உயர்ந்தது, அளக்க முடியாதது என்ற மூன்று அளவைகளும் முதல் 7 சீரிலேயே முடிந்துவிடுகின்றன. எதை அளக்கிறாள் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. மீதி 8 சீரும் ஒரே நீண்ட தொடர்: சாரல், கரிய கொம்பு, பூ, தேன், நாடன் என்று போய், 15ஆம் சீரில்தான் "நட்பே" வந்து விழுகிறது. முதல் பாதியில் காட்சியே இல்லை, அளவு மட்டும். இரண்டாம் பாதியில் முழுக்கக் காட்சி. நிலம், வான், நீர் மூன்றையும் செலவழித்த பிறகு ஒரு பூவின் தேனுக்கு ஏன் இறங்கி வருகிறாள்? இதுதான் கட்டுரைக்கான கேள்வி.

இன்னொரு முறை படித்தால் முதல் அடியில் "பெரிதே", கடைசி அடியில் "பெருந்தேன்". பெருமை இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஆனால் வகை வேறு. நிலம் இயல்பாகவே பெரியது. தேனோ சிறிய பூக்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பெரியதானது. இதிலிருந்து ஒரு கருத்தை முன்வைக்கலாம்: அளக்க முடியாத நட்பைச் சொல்லிவிட்டு, அது எப்படிச் சேர்ந்தது என்பதையும் பாட்டு காட்டுகிறது. உடனே எதிர்க்கேள்வி வரும்: தேன் தலைவனின் நாட்டுக்கு வந்த அடைமொழிதானே, நட்போடு அதை ஏன் முடிச்சுப் போட வேண்டும்? இந்த மறுப்பை மறைக்காமல் எழுதிப் பதில் சொல்லுங்கள். மதிப்பெண் பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. தேனை இழைப்பது வண்டுகள் என்று உரையில் இருக்கும், பாட்டில் "வண்டு" என்ற சொல் கிடையாது. உரையில் படித்ததைப் பாட்டில் பார்த்ததாக எழுதுவது மாணவர் கட்டுரைகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. மூலத்தை ஒரு தாளில் தனியாக எழுதிக்கொண்டு, உங்கள் குறிப்பு முடிந்த பிறகு உரையைத் திறந்தால் இது நேராது.

சினிமாவுக்கு வேலை அதிகம், ஆனால் நேரான வேலை. தேர்ந்தெடுத்த காட்சியை முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து. அப்புறம் ஷாட் ஷாட்டாக, அதாவது ஒரு வெட்டுக்கும் (கட்) அடுத்த வெட்டுக்கும் இடையே ஓடும் துண்டு ஒவ்வொன்றுக்கும், அட்டவணை: ஷாட் எண், தொடங்கும் நேரம், எத்தனை வினாடி, க்ளோஸ்-அப்பா மிட் ஷாட்டா வைட் ஷாட்டா, கேமரா நகர்கிறதா, என்ன ஒலி கேட்கிறது. யூடியூபில் நிறுத்தி வைத்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே. கணினியில் படம் பார்க்கும் விஎல்சி மென்பொருளில் ஆங்கில "ஈ" எழுத்து விசை ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகர்த்தும். கட் எங்கே விழுகிறது என்று சரியாகப் பிடிக்க இது வேண்டும்.

எண்ணும்போது சறுக்கும் இடங்கள் உண்டு. 31 கட் என்றால் 32 ஷாட். காட்சி 160 வினாடி என்றால் சராசரி ஒரு ஷாட்டுக்கு 5 வினாடி வரும். ஆனால் அதில் ஒரே ஒரு ஷாட் 52 வினாடி ஓடுகிறது என்று வையுங்கள். மீதி 31 ஷாட்டும் 108 வினாடியைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஆளுக்கு மூன்றரை வினாடிக்கும் சற்றுக் குறைவு. "5 வினாடி" என்று எழுதினால் அந்தக் காட்சியில் அநேகமாக எந்த ஷாட்டையும் நீங்கள் சொல்லவில்லை என்று ஆகிவிடும். சராசரியோடு இடைநிலை அளவையும், அதாவது ஷாட்களை நீளப்படி வரிசையாக வைத்தால் நடுவில் வரும் நீளத்தையும், குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த 52 வினாடிதான் உங்கள் கட்டுரை: சுற்றிலும் வேகமாக வெட்டிக்கொண்டே வந்த படத்தொகுப்பாளர் இங்கே மட்டும் ஏன் வெட்டவில்லை?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் பெரும்பாலும் 25 ஃபிரேமாக ஓட்டிப் பதிந்திருப்பார்கள். 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 வினாடியாகச் சுருங்கிவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் இசையும் கிட்டத்தட்ட முக்கால் செமிடோன் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான சுருதி இடைவெளி ஒரு செமிடோன்) ஏறிக் கேட்கும். அந்த வட்டை வைத்துப் பின்னணி இசையின் சுருதியைச் சொன்னால் தப்பாகத்தான் வரும். பேசாப் படங்களில் குழப்பம் இன்னும் அதிகம். கையால் சுழற்றி எடுத்ததால் வேகம் ஒரே சீராக இராது, எந்த வேகத்தில் ஓடும் பிரதி என்று சொல்லாமல் ஷாட் நீளத்தைச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதிவிடுங்கள். தெரியாத மொழிப் படமென்றால் சப்டைட்டிலின் சொற்களை வைத்து வசன நயம் பேச வேண்டாம். படிக்க நேரம் போதாது என்பதற்காகச் சப்டைட்டிலில் வசனத்தைச் சுருக்குவது வழக்கம்.

பாடலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வரிகளை மட்டும் எடுத்துக் கவிதையாகப் படித்துவிட்டு இசையை விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெயர் சொல்வது அடையாளம் காண்பது மட்டுமே. வரியைத் தாளில் எழுதி, எந்த அசை நீள்கிறது, எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல் தாளத்தின் தட்டில் விழாமல் தள்ளி விழுகிறது என்று மேலேயே குறியுங்கள். பேச்சில் அழுத்தம் விழாத சொல்லில் இசை நின்றால் அங்கே ஏதோ நடக்கிறது. காதை மட்டும் நம்பவும் முடியாது. 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்தை எல்லோரும் "மூன்று குறில், ஒரு நெடில்" என்று கேட்கிறோம். இசைத்தாளில் முதலில் இருப்பது ஓர் அரைக்கால் ஓய்வு, அதாவது மௌனம். அதனால் மூன்று சிறு ஸ்வரங்களில் எதுவும் தாளத்தின் முதல் தட்டில் இல்லை, முண்டித் தள்ளிக்கொண்டு வருவதுபோல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரலாற்றில் கேட்க வேண்டியது: இதை யார், யாருக்காக, நடந்து எத்தனை காலம் கழித்து உருவாக்கினார்கள்? சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் "போர்க்கப்பல் பொட்டெம்கின்" 1925இல் வந்த படம், அது காட்டும் மாலுமிகளின் கலகம் நடந்தது 1905இல். ஒடெசா நகரின் படிக்கட்டில் படைவீரர்கள் மக்களைச் சுட்டுக்கொண்டே இறங்கும் காட்சி படத்துக்காகப் புனைந்தது. நகரில் வேறு இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆனால் படிக்கட்டில் அப்படி ஒரு படுகொலை நடக்கவில்லை. அந்த ஃபிரேமை 1905க்குச் சான்றாக ஒட்டினால் கட்டுரை அங்கேயே சரிந்துவிடும். 1925இல் புரட்சி அரசு 1905ஐ எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு அதே ஃபிரேம் முதல்தரச் சான்று. தேதியிலும் கவனம் வேண்டும்: கலகம் தொடங்கிய நாள் அன்று ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டியில் ஜூன் 14, இன்று நாம் பயன்படுத்தும் புதியதில் ஜூன் 27. இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி பார்த்தால் ஒன்று தவறு என்று முடிவுகட்டாதீர்கள், எந்த நாட்காட்டி என்று பாருங்கள்.

தத்துவத்துக்குச் சுருக்கமாக. வாதத்தை எண் போட்ட வாக்கியங்களாக உடையுங்கள், முடிவு வாக்கியம் கடைசியில். நான்கு வாக்கியத்திலிருந்து முடிவு வரவில்லை என்றால் சொல்லாமல் விட்ட ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. பிளேட்டோவின் நூல்கள் உரையாடல்களாக இருப்பதால், அவரை எடுத்தால் பேசுபவர் பெயரைப் போடுங்கள். "வலியவனுக்கு நன்மையானதே நீதி" என்பது குடியரசு நூலில் திராசிமாக்கஸ் சொல்வது, சாக்ரடீஸ் அதை மறுக்கிறார். "பிளேட்டோ கூறுகிறார்" என்று எழுதினால் தலைகீழாகிவிடும். பக்க எண்ணுக்குப் பதிலாக ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைக் கொடுங்கள், மேலே சொன்ன இடம் 338. அந்த எண்கள் 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்கங்களிலிருந்து வந்தவை, எந்த மொழிபெயர்ப்பை வைத்திருப்பவரும் அதைக்கொண்டு இடத்தைக் கண்டுபிடிப்பார். குறளுக்கு நாம் குறள் எண் கொடுப்பது போலத்தான். காண்டின் தூய அறிவு பற்றிய நூலில் 1781, 1787 என இரண்டு பதிப்புகள் உண்டு, சில பகுதிகளை இரண்டாவதில் திருப்பி எழுதியிருக்கிறார். எதிலிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பது அவசியம்.

இனி எழுதுவது. குறிப்பெடுக்கும்போதே மேற்கோளுக்கு ஒரு நிறம், பிறர் கருத்தை உங்கள் சொல்லில் எழுதியதற்கு ஒரு நிறம், சொந்த யோசனைக்கு ஒரு நிறம் வையுங்கள். திருட்டு என்று மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் திருடும் எண்ணமுள்ளவர்கள் அல்ல, பத்து நாள் கழித்து எது யாருடையது என்று தெரியாமல் போனவர்கள்தான்.

மையக் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதி இரண்டு சோதனை வையுங்கள். படித்தவர் ஒருவர் இதை மறுக்க முடியுமா? முடியாதென்றால் அது தகவல், கருத்து அல்ல. இந்த வாக்கியத்தை அப்படியே தூக்கி வேறொரு படைப்பின் கட்டுரையில் வைத்தால் பொருந்துமா? பொருந்தினால் இன்னும் குறுக்க வேண்டும். 1500 சொல்லில் கதைக்கும் பின்னணிக்கும் 150க்கு மேல் கொடுக்காதீர்கள். படைப்பாளியின் வாழ்க்கை வரலாறு உங்கள் வாதத்துக்குத் தேவைப்படாவிட்டால் ஒரு வரிகூட வேண்டாம். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள், முதலிலேயே எழுதினால் "ஆதிகாலம் தொட்டே மனிதன்..." என்றுதான் ஆரம்பிக்கும்.

முதல் வரைவு முடிந்ததும் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். போகிறான், அழுகிறாள், கண்டுபிடிக்கிறார்கள் என்று பாத்திரங்களின் வினைகளே வரிசையாக நின்றால் அந்தப் பத்தி சுருக்கம். கேமரா விலகுகிறது, அடி குறைகிறது, வாதம் தாவுகிறது, கடிதம் ஒரு பெயரைத் தவிர்க்கிறது என்று படைப்பு செய்கிற வேலைகள் வந்தால் பகுப்பாய்வு தொடங்கிவிட்டது. முதல் வகைப் பத்திகளை அழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, மீதி இடத்தில் அட்டவணையிலிருந்து ஒரு சான்றைக் கொண்டுவாருங்கள்.

கொடுப்பதற்கு முன் மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தில் திறந்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இணையத்தில் பெரியவர்கள் பெயரில் சுற்றும் பொன்மொழிகளையும், செயற்கை நுண்ணறிவுக் கருவி எடுத்துக்கொடுத்த வரிகளையும் மூலத்தில் காண முடியவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.