எனக்கு சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) ஐஜிஜி பாசிட்டிவ். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு என் பாலைக் கொடுக்கலாமா? பிறந்து பத்து நாள் ஆகிறது.

கொடுக்கலாம். எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் குழந்தையைப் பார்க்கும் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை பால் எடுப்பதை ஒரு வேளைகூட விடாதீர்கள். பயந்துபோய் நிறுத்திப் பால் வற்றிவிட்டால், "பரவாயில்லை, கொடுங்கள்" என்று அவர்கள் சொல்லும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது.

நான் டாக்டர் இல்லை. என் மகள் 27 வாரத்தில், ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்தவள். அவளுக்கு சிஎம்வி வந்தது என் பால் வழியாகத்தான். அப்போது டாக்டர்களைத் துளைத்தெடுத்துக் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட். ஐஜிஜி என்பது கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள். அது பாசிட்டிவ் என்றால், எப்போதோ, பெரும்பாலும் சிறு வயதில், இந்த வைரஸ் உங்கள் உடம்புக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். உலகில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கிறது. சின்னம்மை, அக்கி வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருமுறை நுழைந்தால் ஆயுளுக்கும் உள்ளேயே கிடக்கும். பால் சுரக்கத் தொடங்கும்போது மார்பகத்தில் மட்டும் மறுபடி விழித்துக்கொள்ளும். உங்களுக்குக் காய்ச்சல் இருக்காது, ரத்தத்தில் தேடினாலும் பெரும்பாலும் அகப்படாது. ஜெர்மனியின் டியூபிங்கனில் செய்து 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஏற்கெனவே சிஎம்வி இருந்த 76 தாய்மாரில் 73 பேருக்குப் பால் கொடுக்கும் காலத்தில் அது மீண்டும் தலைதூக்கியிருந்தது. ஆக, "எனக்கு மட்டும் ஏன்" என்று நினைக்க இதில் ஒன்றும் இல்லை.

நிறைமாதக் குழந்தைக்கு இதனால் பொதுவாக ஒன்றும் ஆகாது. தாயின் எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். நம் குழந்தைகள் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார்கள். 32 வாரத்துக்கு முன்போ 1500 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்தவர்களைப் பற்றித்தான் டாக்டர்கள் கவலைப்படுவது. அவர்களிலும் பதப்படுத்தாத பால் குடித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொற்றுகிறது, நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் பெரிதாகச் சீக்காகிறார்கள் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது.

அந்த நான்கில் ஒருத்தி என் மகள். சீம்பாலில் வைரஸ் குறைவு. நாலு முதல் ஆறு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். எங்களுக்கும் அந்தச் சமயத்தில்தான். எடை ஏறிக்கொண்டிருந்தவள் திடீரென்று வெளிறிப்போனாள், அடிக்கடி மூச்சு நின்றது, இதயத்துடிப்பு இறங்கியது. ரத்தத்தில் கிருமி என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. பிளேட்லெட் இறங்கியது, ஈரல் என்சைம் ஏறியது. அப்போதுதான் ஒரு டாக்டர் சிறுநீரில் சிஎம்வி பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பார்க்கச் சொன்னார். வைரஸைக் குறைக்கும் கான்சைக்ளோவிர் மருந்து இருக்கிறது. ஆனால் வெள்ளணுக்களைக் கீழே இறக்கிவிடும் என்பதால் நோய் முற்றினால்தான் கொடுப்பார்களாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எண்ணிக்கைகள் தாமாகவே திரும்பின. என் பாலும் நிற்கவில்லை. ஏற்கெனவே தொற்றிவிட்ட பிறகு நிறுத்தி என்ன பயன்?

இப்போது பாலை என்ன செய்வது என்ற கேள்வி. மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்தால் வைரஸ் குறையும், முழுதாகச் சாகாது. பால் வங்கிகளில் செய்வதுபோல 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினால் செத்துவிடும். கூடவே கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸும், நோயை எதிர்க்கும் பொருட்களில் ஒரு பகுதியும் போய்விடும். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகும் நோயைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை என்பதால் இது சின்ன இழப்பு இல்லை. நாடுகளே இதில் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, தாய்க்கு சிஎம்வி இருந்தாலும் பாலின் நன்மையே பெரிது என்கிறது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பாலைச் சூடாக்கிக் கொடுக்கச் சொல்லும் பரிந்துரைகள் வந்ததுண்டு. என்னைக் கேட்டால், முதல் சில நாள் சீம்பாலை அப்படியே கொடுத்துவிட்டு, கர்ப்பக் கணக்கில் 32 வாரம் எட்டும்வரை சூடாக்கிக் கொடுப்பது நியாயமாகப் படுகிறது. ஆனால் சரியான கருவி உள்ள இடத்தில் மட்டும். வீட்டில் காய்ச்சுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

இணையத்தில் தேடினால் காது கேளாமை, மூளை வளர்ச்சிக் குறை என்றெல்லாம் வரும். அவை பெரும்பாலும் கருவிலேயே தொற்றிய குழந்தைகளைப் பற்றியவை. பால் வழியாக வந்தால் காது போகும் என்பதற்கு அப்படிப்பட்ட ஆதாரம் இல்லை. குறைமாதக் குழந்தைக்குக் காது பரிசோதனை எப்படியும் செய்வார்கள். அதைத் தவற விடாதீர்கள்.

இன்றே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிறந்து 21 நாளுக்குள் சிறுநீரில் சிஎம்வி பார்த்தால்தான் கருவிலேயே வந்ததா, பிறகு வந்ததா என்று தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியும். எச்சிலில் பார்த்தால், வாயில் ஒட்டியிருக்கும் பாலே பாசிட்டிவ் காட்டிவிடலாம். உங்களுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.