காத்தினா பாக்சினூ: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

'ரோக்கோ அண்ட் ஹிஸ் பிரதர்ஸ்' பார்த்துவிட்டு "அந்த அம்மாவாக நடித்தது யார்?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். கிரேக்கக் குணச்சித்திர நடிகை காத்தினா பாக்சினூ. பல வருடமாக அவர் படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, இவர் நிஜமாகவே ஆஸ்கர் வாங்கினாரா? கிரேக்க நடிகை என்கிறீர்களே, எப்படி?

வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் கிரேக்கர் இவர்தான். ஹெமிங்வே நாவலை வைத்து 1943-ல் எடுத்த 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' படத்தில் பிலார் என்ற கெரில்லாப் போராளிப் பெண்ணாக வருவார். கேரி கூப்பர், இங்க்ரிட் பெர்க்மன் எல்லாம் நடித்த அந்தப் படம் 9 பரிந்துரை பெற்றும் கடைசியில் கிடைத்தது ஒரே விருது, அது இவருக்கு. இன்னொரு சுவாரசியம், அதற்கு முன்பெல்லாம் துணை வேடத்தில் ஜெயிப்பவர்களுக்கு முழுச் சிலை கிடையாது, சின்ன உருவம் பதித்த ஒரு தகடுதான். 1944 மார்ச்சில் நடந்த விழாவில்தான் முதல்முறையாக அவர்களுக்கும் முழுச் சிலை கொடுத்தார்கள். அன்றைக்கு ஏதென்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. கூட நடித்தவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாத நிலையில், ஏதென்ஸ் ராயல் தியேட்டர் சகாக்கள் பெயரில் அந்த விருதை ஏற்றுக்கொண்டார்.

பிலார் வேடத்தில் அப்படி என்ன இருக்கிறது? எனக்கு ரொம்பக் கத்துகிற மாதிரி இருந்தது.

கத்துகிறார்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கூப்பரின் கையைப் பிடித்து ரேகை பார்க்கும் இடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கையில் சாவு தெரிகிறது, முகம் ஒரு நொடி கல்லாகிறது, கையை விட்டுவிடுகிறார். என்ன பார்த்தாய் என்று அவன் கேட்க, ஒன்றுமில்லை என்கிறார். அங்கே கத்தலே இல்லை. சத்தம் போடத் தெரிந்தவர் சத்தத்தை அடக்கும்போது வருகிற கனம் அது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது மேடம்? பாடகியா?

சரியாகப் பிடித்தீர்கள். 1900-ல் பிரேயஸ் துறைமுக ஊரில் பிறந்தவர், ஜெனீவாவில் முறையாகப் பாட்டு படித்தவர். 1920-ல் முதலில் ஏறியதே ஓபரா என்ற இசை நாடக மேடைதான். திமித்ரிஸ் மித்ரோபூலோஸ் (பிற்பாடு நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தினாரே, அவரேதான்) இசையமைத்த 'சிஸ்டர் பியாட்ரிஸ்'. அப்புறம்தான் நாடகத்துக்கு வந்தார், 1932-ல் தேசிய நாடக அரங்கில் சேர்ந்தார்.

குரலைப் பற்றிப் பேசினால் எபிதாவ்ரோஸைச் சொல்லாமல் முடியாது. மலைச்சரிவில் விசிறி மாதிரி விரியும் பழைய கல் அரங்கு, இருபதாம் நூற்றாண்டில் அங்கே திரும்ப முதல் நாடகம் நடந்தது 1938 செப்டம்பரில், சோஃபக்ளீஸின் 'எலெக்ட்ரா'. எலெக்ட்ராவாக நின்றவர் பாக்சினூ. மைக் கிடையாது, கடைசிப் படியில் உட்கார்ந்தவனுக்கும் அழுகை கேட்க வேண்டும், அதுவும் திறந்தவெளியில். அப்படிப் பழகிய உடம்பும் தொண்டையும்தான் பிறகு கேமரா முன்னால் வந்து நிற்கின்றன. 'மிகை நடிப்பு' என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதற்கு இதுதான் காரணம். 1955-ல் அதே இடத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஹெக்குபாவாகத் திரும்பி வந்தார்.

எப்போதும் அம்மா வேடம்தானா?

ஏறக்குறைய. 1947-ல் 'மோர்னிங் பிகம்ஸ் எலெக்ட்ரா' படத்தில் ரோசலிண்ட் ரஸ்ஸலுக்கு அம்மா. இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் ஏழு! மகனாக வந்த மைக்கேல் ரெட்கிரேவுக்கு ஏழு வயதுதான் மூத்தவர். அதைவிட வேடிக்கை, 1952-ல் நியூயார்க்கில் 'ஈடிபஸ்' போட்டபோது ஈடிபஸாக நடித்தவர் அவருடைய கணவர் அலெக்சிஸ் மினோடிஸ். தாய் என்று தெரியாமல் ஈடிபஸ் மணந்துகொள்ளும் யொகாஸ்தாவாக இவர். ஆக, சொந்தக் கணவருக்கே அம்மா, மனைவி இரண்டும்.

ஆஸ்கர் வாங்கியும் ஹாலிவுட்டில் ஏன் நிலைக்கவில்லை?

கொடுத்த வேடங்கள் அப்படி. கிரேக்க உச்சரிப்போடு பேசும் நடுவயதுப் பெண்ணுக்கு அங்கே மர்மக்காரி, கொடுமைக்காரி என்று இரண்டு மூன்று அச்சுகள்தான் இருந்தன. அவரும் அதற்காக உருகவில்லை என்றே நினைக்கிறேன், மேடை அவருக்கு எப்போதும் காத்திருந்தது. ஐம்பதுகளில் கிரேக்க மேடைக்கே திரும்பிவிட்டார். 1967-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு கணவனும் மனைவியும் தேசிய அரங்கை விட்டு வெளியேறிச் சொந்தக் குழு வைத்தார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' கடைசிக்கால வேடம், பாருங்கள், அதிலும் அம்மா. 1973-ல் புற்றுநோயில் இறந்தார்.

ஆர்சன் வெல்ஸ் படத்தில் இருக்கிறார் என்று படித்தேன், 'தி டிரயல்' முழுக்கத் தேடியும் காணோம்.

கண்ணில் கோளாறு இல்லை. அவர் நடித்த காட்சியை வெட்டிவிட்டார்கள். வெல்ஸோடு பார்க்க வேண்டுமென்றால் 'மிஸ்டர் அர்காடின்' எடுங்கள், கொஞ்ச நேரம்தான் வருவார், ஆனால் சோஃபி என்ற பெண்ணாக உட்கார்ந்திருக்கும் தோரணையே போதும்.

எதில் ஆரம்பிக்கலாம் அக்கா? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

இத்தாலிய இயக்குநர் விஸ்கோன்தியின் 'ரோக்கோ'தான், 1960. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், பொறுமை வேண்டும். தெற்கு இத்தாலியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மிலான் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கும் விதவைத் தாய் ரோசாரியா. அவர் இறங்குவதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். பனி கொட்டும் நாளில், ஊருக்கெல்லாம் குளிர், இவருக்கோ பிள்ளைகளுக்குப் பனி அள்ளும் வேலை கிடைத்த சந்தோஷம். எழுப்பி, துணி மாட்டிவிட்டு அனுப்பும் பரபரப்பைப் பாருங்கள். அந்த இடம் வரும்போது தயவுசெய்து போனைக் கீழே வையுங்கள்.