வேலை முடிந்தும் டென்ஷன் இறங்கவில்லை: எந்தப் பொழுதுபோக்கு கைகொடுக்கும்?

கேள்வி: எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன்; ஆர்டர்கள் கெடுவுக்குள் முடிந்து போகப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடியே போன் பார்ப்பேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். தூக்கம் சரியில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். போன மாதம் பார்த்தபோது ரத்த அழுத்தம் 138/88. ‘மாத்திரை இப்போது வேண்டாம், டென்ஷனைக் குறையுங்கள், ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்ததைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. பொழுதுபோக்கால் உண்மையிலேயே டென்ஷன் குறையுமா? எதை, எவ்வளவு நேரம் செய்வது?

பதில்: குறையும். ஆனால், எல்லாப் பொழுதுபோக்கும் குறைக்காது. ‘டென்ஷனைக் குறையுங்கள்’ என்று மருந்துச்சீட்டில் எழுதுவது சுலபம். எப்படி என்று சொல்லாவிட்டால் அதுவே இன்னொரு டென்ஷன்.

ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து ஒரு கோபமான மெயில் வந்தால் உடனே அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது. சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் ஏறுகிறது. நெருக்கடியைச் சமாளிக்க உடல் செய்யும் ஏற்பாடு இது, இதில் தவறில்லை. ஏறியது இறங்க இடைவெளி கிடைக்காததுதான் உங்கள் சிக்கல். மெயில் வரும் அதே போனில்தான் ரீல்ஸும் ஓடுகிறது. நடுவில் ‘சேம்பிள் அப்ரூவல் வந்துடுச்சா?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், மறுபடி அலுவலகம்தான். அப்படி எதுவும் வராவிட்டாலும், ரீல்ஸ் பார்க்கும்போது கைக்கு வேலை இல்லை. மனம் நாளைய டெஸ்பாட்ச்சைப் பின்னணியில் ஓட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கையும் கண்ணும் சேர்ந்து ஈடுபடும் வேலையாகப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது நடக்க வேண்டும். அதற்காக யாரும் காத்திருக்கக் கூடாது. கோலம், எம்பிராய்டரி, கேரம், வாத்தியம் எல்லாமே இதில் அடங்கும். உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஓவியம் இருக்க, வேறு தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் மார்க்கர், களிமண், ஒட்டுப்படம் என்று விருப்பப்படி ஏதாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசாலை அளந்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்திருந்தது. முன்அனுபவம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ‘எனக்கு நன்றாக வரைய வராதே’ என்ற தயக்கத்துக்கு அதில் பதில் இருக்கிறது.

ஏ5 அளவில் ஒரு ஸ்கெட்ச் புத்தகம், 2பி, 6பி பென்சில்கள், ரப்பர், ஷார்ப்பனர் போதும். விலை உயர்ந்த கலர் செட் வாங்காதீர்கள். ‘இவ்வளவு செலவு செய்தோமே’ என்ற எண்ணமே பாரமாகும். படுக்கையில் வேண்டாம், மேஜையில் உட்காருங்கள். வலக்கைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் தாளில் விழாது. போன் அடுத்த அறையில், சத்தமில்லாமல்.

எதிரே ஒரு டம்ளரையோ முருங்கைக்காயையோ வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்க்காமல், பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் மெதுவாகத் தொடர்ந்து, அதே வேகத்தில் பென்சிலை எடுக்காமல் இழுங்கள். படம் கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். கண்ணை விளிம்பில் கட்டிப்போடுவதுதான் இந்தப் பயிற்சியின் வேலை. பிறகு 2பி-யில் வடிவம், 6பி-யில் நிழல் என்று 25 நிமிடம். தூங்கப் போவதற்கு அரை மணி முன்பே முடித்துவிடுங்கள். வாரத்தில் நான்கு நாள் போதும்; ஷிப்மென்ட் வாரத்தில் பத்து நிமிடம் வரைந்தாலும் சரி, விட்டுவிடாதீர்கள்.

முதல் சில நாட்கள் கை போனைத் தேடும், பத்தாவது நிமிடமே எழுந்துவிடத் தோன்றும். பழக்கம் மாறும்போது அப்படித்தான் இருக்கும். பலர் சறுக்குவது அதற்குப் பிறகுதான்: ‘மாதத்துக்குள் ஒரு முகம் வரைந்தே தீர வேண்டும்’ என்று கெடு வைப்பார்கள், இல்லையென்றால் இன்ஸ்டாகிராமில் போட்டு லைக் எண்ணுவார்கள். கெடுவும் மதிப்பெண்ணும் வந்துவிட்டால் அது மறுபடி மெர்ச்சண்டைசிங்தான். பிள்ளைகள் பக்கத்தில் வந்து வரையட்டும். அவர்கள் படத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

அலுவலகக் கோபம் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்க, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. மூக்கால் 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை வெளிவிடும் நேரம் நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்தாலோ அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள், ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது என்று அர்த்தம். எண்ணிக்கையை மாற்றாமல் கொஞ்சமாக இழுங்கள்.

காலையில் கால் மணி நேரம் கிடைத்தால் ஒரு தொட்டியில் வெந்தயக் கீரை போடலாம். செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு. அரை அடி ஆழம் போதும். இரவு ஊறவைத்த வெந்தயத்தைத் தூவி மெல்லிசாக மண் மூடினால் நாலைந்து நாளில் முளைக்கும், மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். கெடுவது பெரும்பாலும் அதிகத் தண்ணீரால். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இனி ரத்த அழுத்தம். 138/88 என்பது எல்லைக்கோட்டு அளவு. பென்சில் அதை 120-க்கு இறக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு வாரம் 150 நிமிடம் வேக நடையும், நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பும் வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் சேரும். மதியத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவியால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை ஏழு நாள் அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளுடன் உங்கள் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபினையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். எரிச்சலுக்கும் அசதிக்கும் இவையும் காரணமாகலாம். சத்தமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் சொன்னால் அதையும் டாக்டரிடம் தெரிவியுங்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வந்தால் பொழுதுபோக்கை ஒத்திவைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, விடியற்காலையிலேயே விழிப்பு வந்து தூங்க முடியவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸை அழையுங்கள். இலவச சேவை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.